சுவருக்கு அந்தப் பக்கத்து ஆண் அத்தி

பிளாஸ்டிக் பையைப் பிரித்ததுமே புழுங்கிய வாடை ஃபெரூஜாவின் முகத்தில் அடித்தது. நேற்றுச் சந்தையில் ஆண் அத்திக் காய்களை வாங்கிய அவள் கணவன் அக்லி, பத்திரமாக இருக்கட்டும் என்று பையை இறுக முடிந்து, வெயிலில் நின்ற காரிலேயே விட்டுவிட்டான். ஒரு காயைப் பிளந்து பார்த்தாள். உள்ளே இருந்த குட்டிக் குளவிகள் அத்தனையும் செத்துக் கிடந்தன.

"பூச்சி பறந்துடக் கூடாதுன்னுதான் கட்டினேன்," என்றான் அக்லி.

"ரொம்ப நல்லாக் கட்டினீங்க. ஒண்ணுகூடப் பறக்கல."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. அந்தக் குளவிகள் ஆண் அத்தியின் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு பெண் அத்திப் பிஞ்சுகளுக்குள் நுழைந்தால்தான் அவள் மரங்களில் காய் நிற்கும். ஏற்கெனவே பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர ஆரம்பித்திருந்தன. அடுத்த சந்தைவரை தாங்காது. ஜுர்ஜுரா மலையில் பனி கொட்டும் காலைகளில், ஆலிவ் எண்ணெயில் தோய்த்த உலர்ந்த அத்திகளைத் தின்றுவிட்டுத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். இருமலுக்குக் கஷாயமும் அதுதான், விருந்தாளிக்கு வைக்கும் தட்டும் அதுதான். அத்தி இல்லாத குளிர்காலத்தை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அக்கம்பக்கத்தில் இருந்த ஒரே ஆண் அத்தி மரம், சுவருக்கு அந்தப் பக்கம், ஓரகத்தி ஜூஹரின் தோட்டத்தில் நின்றது. ஜூஹரின் மகள் கல்யாண விருந்தில், அவள் கோதுமை ரவையில் செய்த குஸ்குஸ் தொண்டையை அடைக்கிறது என்று ஃபெரூஜா வாய்த்துடுக்காகச் சொன்னதிலிருந்து இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. செத்தாலும் அந்த வாசலை மிதிப்பதில்லை என்றிருந்தவள், தலைத்துணியை இறுக்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

"அக்கா..." அதற்குமேல் குரல் எழவில்லை.

ஆண் அத்திகளைச் சரமாகக் கோத்துக்கொண்டிருந்த ஜூஹர் நிமிரவில்லை.

"யாரு அது? தொண்டை அடைச்சிருக்கா?"

"தப்பாச் சொல்லிட்டேன்க்கா. காயெல்லாம் கொட்டுது."

ஜூஹர் கூடையோடு எழுந்து வந்தாள். "சண்டை உங்கிட்டதான், உன் மரத்துக்கிட்ட இல்ல. இந்தா, பிடி. சீக்கிரம் கட்டு, வெயில் ஏறுது. கட்டிட்டு மத்தியானம் சாப்பிட வா. குஸ்குஸ் எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லு."

ஜூஹருக்கு இருப்பதோ இரண்டே பெண் மரம். கூடையிலோ இந்தப் பக்கத்து மரங்களுக்கும் சேர்த்துக் கோத்த சரம். ஃபெரூஜாவுக்கு அப்பாடா என்றிருந்தது. சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

முதல் சரத்தைக் கிளையில் போட்டபோது, மகரந்தம் அப்பிய ஒரு கறுப்புக் குளவி காயின் துளையிலிருந்து வெளியே வந்து அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது. கையை அசைக்காமல் நின்றாள். அது எழும்பிப் பறந்து, பக்கத்துப் பச்சைக் காயின் துளைக்குள் தலையை நுழைத்தது.