எண்பத்து மூன்றாம் பக்கத்து அண்ணி

“நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு உட்கார்ந்துடுங்க அண்ணி, அது போதும்...”

“நல்ல வார்த்தை நாலு என்ன, நாற்பது இருக்கு. ஆனா எண்பத்து மூணாம் பக்கம்...”

“மறுபடியும் எண்பத்து மூணா! இருநூத்திப் பன்னிரண்டு பக்கத்துல அது ஒண்ணுதான் உங்க கண்ணுல பட்டுதா?”

“நான் இருக்கிறதே அந்த ஒரு பக்கத்துலதானே!”

என் நாத்தனார் தோளிலிருந்து கைப்பையைக்கூட இறக்காமல் கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருக்கிறாள். முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்துவிட்டது. இரண்டாம் பதிப்பு செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது. அன்று ஞாயிறு. பதினோரு மணிக்கு நூலக மாடியில் எங்கள் வாசகர் வட்டக் கூட்டம். மாதம் ஒருவர், அந்த மாதம் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசவேண்டும். இந்த மாதம் என் முறை.

“படிச்சதுல ஒண்ணையும் விடாம பேசணும்னு சட்டம் போட்டதே நீதான்,” என்றேன்.

“சட்டம் மத்தவங்களுக்கு அண்ணி. நாம குடும்பம்.”

என் கணவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “இதுல என்னை இழுக்காதீங்க,” என்றார்.

“உங்களை யாரு இழுத்தா?” என்று நான் கேட்டதும், “உன்னை யாரு இழுத்தா?” என்று அவள் கேட்டதும் ஒரே நேரத்தில் நடந்தன. அன்று காலை நாங்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

எண்பத்து மூன்றாம் பக்கத்தில் அவள் எழுதியிருந்தது ஒரே வாக்கியம். ‘அம்மா படுத்த படுக்கையானபோது என் அண்ணி தொலைபேசி நிலைய வேலையை மனமுவந்து விட்டார்.’

வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் வேலை, ஏழு வருடம் பார்த்தேன். தலையில் ஹெட்போன், எதிரே நூறு துளைகள் உள்ள பலகை, கையில் ஒயர். “மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசறீங்களா?” என்று ஊர் உலகத்தையே கேட்டவள் நான். அந்த வேலைக்கான ராஜினாமாக் கடிதத்தை எழுதியது நானல்ல. கையெழுத்து அழகாக இருக்கும் என்று நாத்தனார்தான் எழுதினாள். அப்போது அவள் ஆசிரியப் பயிற்சியில் கடைசி வருடம். பேனாவை அவள் என்னிடம் நீட்டியபோது, “ஆறு மாசம் லீவு கேட்டுப் பார்க்கிறேனே. அந்த லெட்டரையும் நீயே எழுதிக் குடு,” என்றேன். “லீவுன்னா திரும்பக் கூப்பிடுவாங்க அண்ணி, அது வேற தொல்லை,” என்றாள். என் கணவர் அன்றும் எதையோ துடைத்துக்கொண்டுதான் இருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

கூட்டத்துக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். நாத்தனார் முதல் வரிசையில், நேர் எதிரே.

முதலில் நாவல். ஒரே வீட்டில் பதினோரு வருடம் பேசாமல் இருக்கும் இரண்டு சகோதரிகள். கீழ்த்தளத் தையல்காரர்தான் இருவருக்கும் நடுவில் தூது. “இதுல வர்ற ஒருத்தரும் நிஜத்துல பிறக்கவே இல்லை. ஆனா அக்கா, ‘ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்க அவளை’ன்னு தையல்காரர்கிட்ட எரிஞ்சு விழுந்ததும், நான் எழுந்து போய் எங்க வீட்டு ஜன்னலைச் சாத்தினேன்,” என்றேன். சிரித்தார்கள்.

அடுத்தது, பாலம் கட்டும் பொறியாளர் ஒருவர் தன் வேலையைப் பற்றி எழுதியது. தூணுக்கு அடியில் பாறை இருக்கிறது என்று நம்பி, தோண்டிப் பார்க்காமலே வரைபடம் போட்டுவிட்டார். “‘சார், கீழே வெறும் மணல்’னு மேஸ்திரி சொன்னதையும், ‘உன் வேலையைப் பாரு’ன்னு தான் அவரை விரட்டினதையும் அப்படியே எழுதியிருக்கார். தன்னை மடக்கின ஆளோட பேச்சைத் தன் புத்தகத்துலயே விட்டு வச்சிருக்கார் பாருங்க. அந்த மனுஷன் கட்டின பாலத்துல நான் கண்ணை மூடிக்கிட்டு நடப்பேன்.”

மூன்றாவது, நாத்தனாருடையது. பள்ளிக்கூடக் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போன பிறகு நாலு மாதம் நடைபாதையிலேயே வகுப்பு நடத்தியதை அவள் எழுதியிருக்கும் அத்தியாயம் அருமையானது. இரண்டு முறை படித்தேன் என்று சொன்னேன். பொய்யில்லை. அவள் முகம் மலர்ந்தது. அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

“இனி எண்பத்து மூணாம் பக்கம்,” என்றேன். வாக்கியத்தைப் படித்தேன். “இந்த அண்ணி நான்தான். நான் மனமுவந்து விடலை.”



“அண்ணி, இதையெல்லாம் வீட்டுல பேசிக்கலாம்,” என்றாள் நாத்தனார், பல்லைக் கடித்துக்கொண்டு.

“வீட்டுல பேசினா வீட்டோட போயிடும். நீ எழுதினது ஆயிரம் பேர் கையில இருக்கு.”

“நான் ஞாபகத்துல இருந்துதானே எழுதினேன்? வேணும்னேவா எழுதினேன்?”

“நீ வேணும்னே எழுதினதா நான் சொல்லலை. உன் புத்தகத்துல பியூன் பேசறார், பஸ் கண்டக்டர் பேசறார், புதுக் கூரை போட வந்தவன்கூட ரெண்டு வரி பேசறான். நான் மட்டும்தான் வாயைத் திறக்கலை.”

அவள் எழுந்தாள். கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கினாள். “இப்ப என்ன, செவ்வாய்க்கிழமைக்குள்ள அந்த வரியை எடுத்துடறேன். போதுமா?”

“எடுக்காதே. அது அப்படியே இருக்கட்டும். நீ அந்தக் கடிதத்தையும் பேனாவையும் நீட்டினப்போ நான் உன்கிட்ட ஒண்ணு சொன்னேன், அதையும் கீழே சேர்த்து எழுது. நான் என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?”