அண்ணன் விட்டுப்போன கணக்கு

ஆய்வகத்தில் எல்லோரும் அண்ணன் என்று அழைத்தவர் இறந்து பதினோரு நாளாகியும், அவர் கணினியில் தொடங்கிய கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

எதிரெதிரே நிற்கும் இரண்டு தட்டையான மூலக்கூறுகள். ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றவற்றின் சராசரியை மட்டுமே உணர்வதாகக் கொண்டால், மூலக்கூறுகள் விலகிப்போகும். ஓர் எலக்ட்ரான் நகரும்போது இன்னொன்று ஒதுங்குவதையும் கணக்கில் சேர்த்தால், இரண்டு மூலக்கூறுகளும் ஒட்டும் என்று அண்ணன் என்னிடம் பந்தயம் கட்டியிருந்தார். அதைச் சேர்க்கத்தான் இத்தனை நாள்.

"வெள்ளிக்கிழமை அவர் அக்கவுண்ட்டை மூடணும் சார். மூடினா இதுவும் போயிடும்," என்றார் கணினி அறைக்காரர்.

"திங்கள்வரை பொறுங்க."

"இருந்தப்பவும் மனுஷன் மெஷினை விடமாட்டார். இப்பவும் விடலை பாருங்க," என்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, திங்கள்."

ஞாயிறு மதியம் அண்ணி அழைத்தார்.

"தம்பி, அவர் போன்ல ஒரு மெயில். வேலை முடிஞ்சிருச்சுன்னு போட்டிருக்கு. என்ன வேலைப்பா?"

நான் கணினியில் முடிவைத் திறந்து பார்த்தேன்.

"அவர் கடைசியா போட்ட கணக்கு அண்ணி. அவர் சொன்னதுதான் சரி. ரொம்ப லேசாத்தான், ஆனா ஒட்டுது."



"பதில் போடணுமா?"

"வேண்டாம் அண்ணி. அது மெஷின் அனுப்பறது."

"பரவாயில்ல. பார்த்தாச்சுன்னு ஒரு வரி போட்டுடறேன். அவர் யாருக்கும் பதில் போடாம இருந்ததில்ல."