'குழந்தை நலம்' என்று எழுதியவள்

குழந்தைகள் நல அலுவலகத்தில் அவளுக்கு 'டேப்' என்று பெயர். சமூகப் பணி படிக்கும் மாணவி, களப்பயிற்சிக்கு வந்தவள். யாராவது பத்து நிமிடம் பேசினால் டேப் ரெக்கார்டர் மாதிரி ஒரு 'உம்'மைக்கூட விடாமல் அப்படியே எழுதிவிடுவாள். பயிற்சியில் அதுதான் பெரிய வேலை. ஒரு வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தால், அவர்கள் என்ன சொன்னார்கள், தான் என்ன சொன்னோம் என்று வரிக்கு வரி எழுதி மேற்பார்வை பார்க்கும் மேடத்திடம் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு விழிக்கும் நேரத்தில் இவள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவாள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவளுக்குக் கொடுத்தது ஒரு தையல்காரியின் வீடு. கணவனின் முதல் தாரத்துப் பெண், ஐந்து வயது, இரண்டு மாதமாகப் பள்ளிக்கு வரவில்லை என்று கடிதம் வந்திருந்தது. குழந்தை எப்படி இருக்கிறாள் என்று பார்த்து வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. தையல்காரி முதல் நாளே, "வா தங்கச்சி, உக்காரு" என்றாள். இவள் அங்கேயே உருகிவிட்டாள். இரண்டாவது வாரம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டாள். மூன்றாவது வாரம் தையல்காரி மனம்விட்டு அழுதாள். முன்பின் தெரியாத ஒருத்தி தன்னிடம் அழுதுவிட்டாள் என்று அன்று டேப்புக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மேடம் மூன்று வாரத்துப் பக்கங்களையும் மேசையில் பரப்பி, மூன்று இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். பாராட்டப்போகிறார் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தாள், பாவம்.

"இத வாசி."

"'பாப்பா இப்பதான் தூங்குனா, தங்கச்சி.'"

"அடுத்தது."

"'அவ அத்தை வீட்டுக்குப் போயிருக்கா.'"

"மூணாவது."

"'குளிக்கிறா. அத விடு, எங்க வீட்டுக்காரர் பண்ற கூத்தச் சொல்றேன் கேளு.'"

வாசிக்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

"அன்னைக்கு அங்க எவ்வளவு நேரம் இருந்தே?"

"ரெண்டு மணி நேரம், மேடம்."

"ரெண்டு மணி நேரமாவா குளிச்சா?"

மேடம் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அடியில் அவளுடைய அழகான கையெழுத்தில் 'குழந்தை நலம்' என்றிருந்தது.

"இத யார் சொன்னது?"

"அக்காதான் சொன்னாங்க."

சொன்ன பிறகுதான் தன் வார்த்தை தன் காதிலேயே விழுந்தது. பேசுகிறவர் போகிற வழியிலேயே போக வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது என்று வகுப்பில் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, தையல்காரி இழுத்த பக்கமெல்லாம் போயிருக்கிறாள். காதைத் தீட்டிக்கொண்டு போனவள் கண்ணை எங்கே கழற்றி வைத்துவிட்டுப் போனாளோ! நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

"வாராவாரம் படிச்சிட்டு நானும் சும்மாதான் இருந்திருக்கேன்" என்றார் மேடம். "கிளம்பு."

தையல்காரி கதவைத் திறந்து டேப்பைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் மேடத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"குழந்தையப் பாக்கணும்மா."

"ஊருக்குப் போயிருக்காளே. தங்கச்சி, நீயாவது சொல்லேன்."

மேடம் உட்காரவில்லை. தையல்காரியின் கண் ஓடிய பக்கம், தைத்த துணிகள் வரிசையாகத் தொங்கிய சுவரோரம் போய், துணிகளைக் கையால் ஒதுக்கினார். பின்னால் ஒரு கதவு இருந்தது. தாழ்ப்பாள் இந்தப் பக்கம் போட்டிருந்தது. மூன்று வாரமாக டேப் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து நாலு அடிகூட இருக்காது.

மேடம் தாழ்ப்பாளை இழுத்தார். ஜன்னல் இல்லாத அறை. மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குழந்தை உட்கார்ந்திருந்தது. கையா குச்சியா என்று தெரியவில்லை. டேப் கதவைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா" என்றாள்.

குரலைக் கேட்டதும் குழந்தை தலையைத் தூக்கியது.

"நீங்கதானே சிரிக்கிற அக்கா?" என்று ரகசியமாகக் கேட்டது. "நீங்க வர்ற நாள்ல சத்தம் போடாம இருந்தா சோறு குடுப்பாங்க. இன்னைக்கும் நான் சத்தமே போடலக்கா."