காலண்டரில் அக்டோபர்

மாமியார் அவுக்யா நீட்டிய தட்டில் பாதி ரஸ்க்தான் இருந்தது. வெண்ணெய் தடவி, மேலே இளஞ்சிவப்புச் சீனிச் சோம்பு தூவிய ரஸ்க். பெண் குழந்தை பிறந்தால் கொடுப்பது. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் மற்ற எல்லோருக்கும் முழுசு. யாந்தினாவுக்கு மட்டும் கத்தியால் நறுக்கிய பாதி.

"உனக்கு இது போதும்ல? எடையைக் குறைக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரே," என்றாள் அவுக்யா, எல்லோர் காதிலும் விழும்படி. மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று ஃப்ரீஸ்லாந்தின் அந்தக் கால்வாய்க்கரை ஊர் நம்புகிறது. நேர்மையாம், மண்ணாங்கட்டி. யாந்தினா தட்டை வாங்கிக்கொண்டாள். அவள் புருஷன் சீட்ஸெ காபிக் கோப்பையில் எதையோ தொலைத்தவன்போலக் குனிந்துகொண்டான்.

அன்று அவுக்யாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். வந்தவர்கள் அந்த ஊர் வழக்கப்படி, அவளுக்கு மட்டும் வாழ்த்துச் சொல்வதோடு நிறுத்தாமல் வட்டம் முழுக்கக் கை கொடுத்து வந்தார்கள். "உங்க மாமியாருக்கு வாழ்த்துகள். உங்க நாத்தனார் குழந்தைக்கும் வாழ்த்துகள்." நாத்தனார் ஃபெம்கெயின் மூன்று வாரக் குழந்தை மடி மடியாகக் கைமாறி வந்தது. யாந்தினாவுக்கு முந்தைய மடியிலிருந்து அப்படியே திரும்பிப் போனது.

"இதோட எனக்கு மூணு பேரப்பிள்ளைங்க," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அவுக்யா சொன்னாள்.

"நாலு," என்றாள் யாந்தினா.

கரண்டிச் சத்தம் நின்றது.

"இன்னைக்கு வேணாம்மா," என்றாள் அவுக்யா, கேக்கை வெட்டிக்கொண்டே. "நல்ல நாளும் அதுவுமா."

யாந்தினா எழுந்து கழிப்பறைக்குப் போய்த் தாழ்போட்டாள். எதிர்ச்சுவரில் குடும்பத்தின் பிறந்தநாள் காலண்டர் தொங்கியது. அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் அது அங்கேதான் தொங்கும். கிழமை கிடையாது, தேதிகள் மட்டும்; வருஷா வருஷம் அதே காலண்டர்தான். மார்ச் மாதத் தாள் மேலே இருந்தது. அதற்கு முந்தின பிப்ரவரித் தாளில் ஃபெம்கெ குழந்தையின் பெயரை அழகாக எழுதியிருந்தாள் கிழவி. யாந்தினா தாள்களைப் புரட்டினாள். ஜூனில் ஆறு வருஷம் முன்பு செத்துப்போன மாமனார் பெயர், பக்கத்தில் சின்னச் சிலுவை. ஆகஸ்டில் பொப்பெ. பொப்பெ என்பது நாய். அதுவும் செத்துவிட்டது, அதற்கும் சிலுவை. அக்டோபர் பதினான்கு வெறுமையாக இருந்தது.

பதினாறு வயதிலிருந்தே யாந்தினாவுக்கு நாலு மாதத்துக்கு ஒருமுறைதான் தீட்டு வரும். சினைப்பையில் நீர்க்கட்டிகள். ஹார்மோன் கெட்டால் எடை ஏறும், எடை ஏறினால் ஹார்மோன் இன்னும் கெடும். டாக்டர்கள் இதில் பின்பாதியை மட்டும் அவளிடம் சொன்னார்கள், ஏதோ தின்று தின்றே அவள் வியாதியை வாங்கிவந்த மாதிரி. அத்தனையையும் மீறி, முப்பத்தாறு வயதில் விப்ரன் வயிற்றில் வந்தான். முப்பத்தோராம் வாரம் கால் வீங்கியது, தலைவலி மண்டையைப் பிளந்தது, கண்ணுக்குள் மின்னியது. மருத்துவச்சிக்கு மூன்று முறை போன் செய்தாள். "உங்க எடைக்குக் கால் வீங்கத்தானே செய்யும்," என்று சொல்லிவிட்டுத்தான் மருத்துவச்சி வீட்டுக்கு வந்தாள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை யாந்தினாவின் கைக்குப் போதவில்லை. காற்றடித்ததும் பட்டென்று பிரிந்துகொண்டது. "அடுத்த தடவை பெரிய பட்டை கொண்டு வர்றேன்," என்று சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள் அந்தப் புண்ணியவதி. அடுத்த தடவை வரவே இல்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பெரிய பட்டை இருந்தது. குழந்தைக்குத்தான் நாடித்துடிப்பு இல்லை. ரத்தக் கொதிப்பு, முன்பே தெரிந்திருந்தால் குழந்தையை உயிரோடு வெளியே எடுத்திருக்கலாம் என்றார்கள். அன்று அவுக்யா பூங்கொத்தோடு வந்து, "முதல்ல உடம்பைக் குறைன்னு அப்பவே சொன்னேன்," என்றாள்.

கதவு தட்டப்பட்டது. "யாந்தினா, வெளிய வா. அம்மா சங்கடப்படறாங்க." சீட்ஸெயின் குரல்.

"உங்கப்பா பேர் இருக்கு. நாய் பேர் இருக்கு. நம்ம புள்ள பேர் எங்க?"

"அதைப் பார்த்தா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு அம்மா..."

"எனக்கா கஷ்டம்? நீயும் இங்கதானே வந்து உக்கார்ற. ரெண்டு வருஷமா உன் கண்ணுல படலையா?"

கதவுக்கு வெளியே காலடி நகர்ந்தது. போய்விட்டான் என்றுதான் நினைத்தாள். அப்போது கதவின் கீழ் இடுக்கு வழியாக ஒரு பேனா உருண்டு வந்தது.

யாந்தினா அக்டோபர் பதினான்கில் 'விப்ரன்' என்று எழுதினாள். அழுத்தி எழுதியதில் தாள் லேசாகக் கிழிந்தது. சிலுவை போடவில்லை. அது அவன் பிறந்த நாள். மார்ச்சுக்குத் திருப்பாமல் காலண்டரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"அத்தை, போறதுன்னா போங்க. டாய்லெட் காலியாத்தான் இருக்கு," என்றாள்.

அவுக்யா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனாள். தாழ் விழுந்த சத்தம் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

யாந்தினா தாம்பாளத்திலிருந்து ஒரு முழு ரஸ்க்கை எடுத்தாள். வெண்ணெயைக் கெட்டியாகத் தடவி, சீனிச் சோம்பை ஓரம் வரை கொட்டினாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கடித்தாள். அமைதியான அந்த அறையில் அது நொறுங்குவது பெரிதாகக் கேட்டது. இளஞ்சிவப்புச் சோம்பு மடியிலும் தரையிலும் சிதறி உருண்டது. அவள் ஒவ்வொரு வாயாக மென்று, கடைசித் துணுக்குவரை தின்று முடித்தாள். கழிப்பறைக் கதவு இன்னும் திறக்கவில்லை.