ஏரிக்கரையில் இரண்டு இரவு

எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடங்கள். இத்தனை வருடங்களில் 'ஹொலிடே' என்று சொல்லிக்கொண்டு நாங்கள் போன இடமெல்லாம் ஒன்றில் கல்யாண மண்டபம், இல்லாவிட்டால் யாராவது ஒரு சொந்தக்காரரின் வரவேற்பறை. பாரிஸுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஈபிள் கோபுரத்தை ஒரே ஒரு தடவை காரின் பின் கண்ணாடியால் பார்த்தேன். அதுவும் யாரோ ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு.

ஆகவே இந்தக் கோடைக்கு ரயிலில் ஐரோப்பா போவோம் என்று வீட்டில் முடிவானபோது நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். பாரிஸ், லுசேர்ன், மிலான். மூன்று இடத்திலும் ஹோட்டல். சுவிஸில் இருக்கும் லுசேர்னில் மட்டும் ஏரியைப் பார்த்த அறைகள், இரண்டு இரவு. அதற்காக நான் ஆஸ்பத்திரி வார்ட்டில் எத்தனை நைட் ஷிப்ட் செய்தேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும். காலையில் எழும்ப வேண்டும். யாருக்கும் தேத்தண்ணி ஊற்றக் கூடாது. யாருடைய பிள்ளைக்கு எந்த யூனிவர்சிட்டி கிடைத்தது என்று கேட்கக் கூடாது. பல்கனியில் காலை நீட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

"சொந்தக்காரர் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது," என்றேன்.

கணவர் ஜெராட் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். மகள் மேரிசாந்தி, "அம்மா, எனக்கு அவை ஆரெண்டே தெரியாது," என்றாள். மாமனார் ஞானரட்ணத்துக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"லுசேர்னில அருள்மலர் இருக்கிறாளெல்லே, பிள்ளை. என்ரை அண்ணையின்ரை மகள். அவளின்ரை ஊருக்குப் போய் ஹோட்டலில நிக்கிறதோ?"

"ஓம் மாமா. நிக்கிறதுதான்."

"சரி. நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கமாட்டன்."

அவர் வாய் திறக்கவில்லைதான். பாதர் திறந்தார்.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போயிருந்தோம். பூசை தொடங்குமுன் அன்றைக்கு யார் யார் என்னென்ன கருத்துக்காக ஒப்புக்கொடுத்திருக்கிறார்கள் என்று வாசிப்பது வழக்கம். இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்னாரின் உடல் நலத்துக்காக. நான் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்ததால் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

"திரு. ஞானரட்ணம் குடும்பத்தினர் செவ்வாய்க்கிழமை தொடக்கம் பாரிஸ், லுசேர்ன், மிலான் ஆகிய நகரங்களுக்கு ரயிலில் மேற்கொள்ளும் பயணம் நலமே அமைய வேண்டுமென்றும்..."

என் தூக்கம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் மாமா கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தார். பீடத்துக்கு எதிரே கமெரா. எங்கள் பூசை நேரலையில் போகிறது. ஐரோப்பாவில் சிதறியிருக்கும் எங்கள் சொந்தம் முழுவதும் ஞாயிறு சமையலுக்கு நடுவே போனை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துப் பார்ப்பது இதைத்தான்.

"என்ன மாமா செய்து வச்சிருக்கிறியள்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"தூரப் பயணம் போகேக்கை பூசை ஒப்புக்குடுக்காமல் போறதோ, பிள்ளை? நான் ஆண்டவருக்குத்தானே சொன்னனான்."

"ஆண்டவருக்கு ஊர்ப் பேர் எல்லாம் வேணுமோ?"

"பாதர் கேட்டவர், எங்கையெண்டு."

நற்கருணை வரிசையில் நிற்கும்போதே ஜெராட்டின் சட்டைப்பையில் போன் அதிரத் தொடங்கியது. முதலில் பாரிஸ். மாமாவின் ஒன்றுவிட்ட தம்பி இராசரத்தினம். "ஹோட்டலோ? ஏன், நான் செத்துப்போனனோ?" என்று அவர் கத்தியது கோயில் வாசலில் நின்ற எனக்கே கேட்டது. அன்று பின்னேரமே ஜெராட் பாரிஸ் ஹோட்டலைக் கான்சல் செய்துவிட்டார். மிலானில் எங்களுக்கு ஆளே இல்லை என்று நம்பியிருந்தேன். ஒரு மச்சானைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். அந்த ஹோட்டலும் போயிற்று.

திங்கட்கிழமை லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பார்சல்கள் வரத் தொடங்கின. கிருஷாந்த் என்று ஒரு பெடியன் ரெய்னர்ஸ் லேனிலிருந்து லண்டனைக் குறுக்கறுத்து வந்து, பாரிஸில் இருக்கும் தன் தமக்கைக்கு என்று மிளகாய்த்தூள் தந்தான்.

"தம்பி, பாரிஸில இல்லாத தூளோ?"

"இது அம்மா வறுத்தது, அன்ரி."

என்னுடைய இரண்டு சட்டைகளை வெளியே எடுத்துவிட்டுத் தூளை உள்ளே வைத்தேன். அழுகை வரும்போல இருந்தது. எரிச்சலில் அதுவும் வரவில்லை.

மிஞ்சியது லுசேர்ன். அருள்மலர் மச்சாள் எங்களுக்காக வேலைக்கு லீவு போட்டுவிட்டாராம். நண்டு சொல்லிவைத்திருக்கிறாராம். ஜெராட் அவருக்கும் ஓம் சொல்லியிருந்தார், எனக்கும் ஓம் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்ல ஆளில்லை.

செவ்வாய் காலை, பாரிஸ் ரயில் புறப்படும் சென் பாங்ராஸ் ஸ்டேஷன். வரிசை பாம்பாக வளைந்திருந்தது. ஜெராட் தலையைச் சொறிந்தபடி, "றொசாந்தி, லுசேர்ன் அறையளை என்ன செய்யிறது?" என்றார். வரிசையில் வைத்துக் கேட்கிறார் மனிசன். நான் பதில் சொன்னால் சுற்றிவர நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மாமா என் கையைத் தொட்டார். "பிள்ளை, என்னை அருள்மலரிட்டை இறக்கிவிட்டிட்டு நீங்கள் மூண்டுபேரும் ஏரிக்குப் போங்கோ. அவையள் சோறு போட்டு உபசரிக்க இந்தக் கிழவன் ஒருத்தன் போதும்."

அவருடைய கையில் புத்தம்புதிய வெயில் தொப்பி ஒன்று இருந்தது. விலைச்சீட்டுக்கூடக் கழற்றவில்லை.

"இதென்ன மாமா?"

"ஏரியில கப்பல் ஓடுமெண்டு பேத்தி சொன்னவள். அதுக்கு வாங்கினனான். பரவாயில்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்த மனிதரை அங்கே சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருத்திவிட்டு நான் எப்படிப் பல்கனியில் காலை நீட்டுவேன்? செய்வதையும் செய்துவிட்டு, இப்போது பாவமாகவும் நிற்கிறார். ஜெராட்டின் கையிலிருந்து போனைப் பறித்து நானே எடுத்தேன்.

"மச்சாள், றொசாந்தி கதைக்கிறன். நாங்கள் உங்கடை வீட்டை நிக்கேல்லை. ஹோட்டல் எடுத்திருக்கிறம். மாமாவும் எங்களோடதான். நீங்கள் கோவிச்சாலும் பரவாயில்லை."

ஜெராட் கூரையைப் பார்த்தார். இனி ஐந்து தேசத்துக்கும் என் பெயர் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். போகட்டும்.

"எந்த ஹோட்டல்?" என்று மச்சாள் கேட்டார். பெயரைச் சொன்னேன்.

"ஏரியைப் பாத்த அறையோ?"

"ஓம்."

"அந்த ஹோட்டலில, அந்த அறை வரிசையிலதான் றொசாந்தி நான் இருபது வருசமா வேலை செய்யிறன். கட்டில் விரிச்சு, தலையணை உறை மாத்தி, பல்கனிக் கதவையும் துடைச்சுப் பூட்டிப்போட்டு வாறனான். ஒருநாளும் அதில இருந்து பாத்ததில்லை."

இந்த மனுசி மேலா நான் இரண்டு நாளாக எரிச்சல்பட்டேன்?

"லீவும் போட்டிட்டன்," என்றார் மச்சாள், குரலைத் தாழ்த்தி. "நானும் ஒரு இரவு வந்து நிக்கட்டே? இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"இரண்டு இரவும் நில்லுங்கோ, மச்சாள். ஆனால் நண்டு கொண்டுவரப்படாது."

வரிசை நகர்ந்தது. மாமா தொப்பியைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். "என்ன பிள்ளை சொல்லுறாள், அருள்மலர்?"

"ஒண்டுமில்லை மாமா. நீங்கள் தொப்பியைப் போடுங்கோ."

சொல்லலாம்தான். ஆனால் பாரிஸிலும் தமிழ்ப் பூசை இருக்கிறது.