அரசி வீட்டு நெருப்பு

தொக்கா மாமா தண்ணீர்ப் பானையைத் தூக்கிவிட்டார். பிரிகா ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். தளும்பிய தண்ணீர், தரையில் கிடத்தியிருந்த அவள் அம்மாவின் காலடியில் சிந்தியது.

“கைய விடு. அக்கா போயிட்டா. நெருப்ப அணைச்சாத்தான அவ வீட்ட விட்டுக் கிளம்ப முடியும்?”

“இப்ப வேணாம் மாமா.”

வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த மலையில் யார் செத்தாலும் முதல் வேலை அடுப்பை அணைப்பதுதான். அடுப்பு எரியும்வரை செத்தவரின் உயிர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் இது வெறும் அடுப்பு இல்லை. ரோமானியப் படை ஆற்றங்கரைக்கு வந்த வருடம், பிரிகாவின் அம்மா, அரசி வெல்லிபியா, இந்த நெருப்பின் மேல் கை நீட்டித்தான் சத்தியம் செய்தாள். இது எரியும் மட்டும் நட்பு. அவர்கள் ஆற்றைத் தாண்டுவதில்லை, இவர்கள் வாளை எடுப்பதில்லை. பிணையாகத் தன் சின்ன மகன் சென்னோவைக் கொடுத்தாள். பெற்ற பிள்ளையை விற்று நிம்மதி வாங்கியவள் என்று ஊர் அவள் காதுபடவே பேசியது. அந்த நிம்மதியில்தான் ஊர் ஆடு வளர்த்தது, கல்யாணம் செய்தது, கூடவே வாயையும் வளர்த்தது.

மாமாவுக்கு அந்தச் சத்தியம் ஆரம்பத்திலிருந்தே தொண்டையில் சிக்கிய முள். நெருப்பு அணைந்தால் வாளை எடுக்கலாம். எடுத்த அன்றே ரோமானியரின் கோட்டையில் சென்னோவின் தலை உருளும். மாமா அதை யோசிக்காமல் இல்லை. யோசித்து முடித்துவிட்டார்.

பிரிகா கோட்டைத் தலைவனுக்கு ஆள் அனுப்பினாள். அரசி இறந்துவிட்டாள், நெருப்பு இன்னும் எரிகிறது, என் தம்பியைத் திருப்பித் தந்து என்னோடு புதுச் சத்தியம் செய், இல்லையென்றால் நானே அணைத்துவிடுவேன் என்று.

“அதுவரைக்கும் உங்கம்மா இங்கயே கெடந்து தவிக்கணுமா?” என்றார் மாமா.

“சென்னோவுக்காக இத்தன வருஷம் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தவதான. இன்னும் ஒரு நாள் இருப்பா.”

சொல்லிவிட்டாள். ஆனால் அடுப்போரம் அம்மா உட்காரும் முக்காலியின் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. ஊரில் ஒருவரும் விறகு கொடுக்கவில்லை. தீவனத் தொட்டியை உடைத்துப் போட்டாள். அது தீர்ந்ததும் அம்மாவின் கட்டிலை உடைத்தாள்.

மறுநாள் உச்சிவேளையில் குதிரைகள் வந்தன. மலைச் சண்டையில் அடிபட்ட அனுபவம் உள்ளவன் கோட்டைத் தலைவன். பிணைக்கு வேறு யாரைத் தருகிறாய் என்று கேட்டான்.

“யாரையும் இல்ல. நான் இங்கயே இருக்கேன். அது போதும்.”

அவன் அடுப்பைப் பார்த்தான், வெளியே வாளோடு நின்ற இளைஞர்களைப் பார்த்தான், தலையசைத்தான். பழைய நெருப்பை அணைத்துப் புதிதாக மூட்டித்தான் சத்தியம் செய்ய முடியும். அவனுக்குப் பின்னாலிருந்து, ரோமானிய அங்கியில் முகம் மழித்த ஒருவன் உள்ளே வந்தான். பிரிகா தண்ணீர்ப் பானையை அவன் கையில் கொடுத்தாள்.

சென்னோ அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு மறந்துபோன பேச்சைத் தேடித் தேடிக் கேட்டான்.

“அக்கா... அம்மா எங்க உக்காருவா?”

அவள் அடுப்போரம் கையைக் காட்டினாள். அவன் பானையை வைத்துவிட்டு, முக்காலியை இரண்டு கையாலும் தூக்கி வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டான். பிறகு தண்ணீரை ஊற்றினான்.

வாசலை அடைத்து நின்ற தொக்கா மாமா, அக்காவுக்கு ஒதுங்கி வழிவிட்டார்.