கியர் ஆயில் மாற்றிய ஞாயிறு

திசையன்விளையில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் ஹம்னாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் சபீதாவின் கார் முதன்முதலாக உதறியது. வேகம் கூடும்போது கியர் தானாக மாறும் அந்தக் கணத்தில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிட்டதுபோல ஒரு குலுக்கல். வீடு இருக்கும் பேட்டைக்கு வந்து சேர்வதற்குள் ஏழெட்டு முறை அப்படி ஆகிவிட்டது.

இடது முழங்காலில் வலி வந்ததால் கிளட்ச் இல்லாத வண்டியாகப் பார்த்து எட்டு வருடத்துக்கு முன் அவளே வாங்கிய பழைய கார் அது. மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினாள். கியர் பெட்டியையே இறக்கி மதுரைக்கு அனுப்ப வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அடுத்த மாதம் ஹம்னாவைப் பேறுகாலத்துக்கு அழைத்து வர வேண்டும். சபீதா வீட்டுக்கு வந்து கணவர் ஹசன் அலியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டதோடு சரி.

ஹசன் அலி இருபத்து மூன்று வருடம் சார்ஜாவில் இருந்தவர். கார் பட்டறையில் மெக்கானிக். கொரோனா வருடத்தில் திரும்பி வந்து பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்தார். அதன்பிறகு ஒரு ஸ்பேனரைக்கூடக் கையால் தொட்டதில்லை. யாராவது வண்டியைப் பற்றிக் கேட்டால், வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தது போதும், இனிமேல் நிமிர்ந்து நின்று பிழைக்கிறேன் என்பார்.

அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு டப்பா எண்ணெயும், இரவல் வாங்கிய ஜாக்கியும் ஸ்டாண்டுகளுமாக ஆட்டோவில் வந்து இறங்கினார். பெட்டியை இறக்குமுன் எண்ணெயை மாற்றிப் பார்க்கலாம் என்றார். கார் வாங்கியதிலிருந்து கியர் ஆயிலை மாற்றியிருக்கிறாளா என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றாள் சபீதா.

எண்ணெய் சூடானால்தான் முழுதாக இறங்கும் என்று சொல்லி, பத்து நிமிடம் வண்டியை ஓட்டி வரச் சொன்னார். பிறகு வீட்டு முன்னால் சிமெண்ட் தளத்தில் காரைத் தூக்கி நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தார். காரை இரண்டு கையாலும் தள்ளி ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகே அடியில் போனார். சபீதா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கேட்டதை எடுத்துக் கொடுத்தாள்.

"மொதல்ல ஊத்துத வாயத் தெறந்து பாத்துக்கிடணும்," என்றார் அடியிலிருந்து. "அது தெறக்குமான்னு பாக்காம கீழ உள்ளதக் கழட்டிட்டா, பழசும் போயி, புதுசும் ஊத்த முடியாம முழிக்கணும்."

சபீதாவுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. சொன்ன சேதியால் அல்ல, அந்தக் குரலால். வேலை செய்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும் அந்தக் குரலை அவள் கேட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கல்யாணம் முடிந்து ஏழாவது மாதம் அவர் விமானம் ஏறினார். ஹம்னா அப்போது வயிற்றில். சபீதா ஸ்ரீவைகுண்டத்தில் உம்மா வீட்டில் இருந்தாள். ஊருக்கு லீவில் வருகிறவர்கள் கையில் மாதம் ஒரு கேசட் கொடுத்து அனுப்புவார். மற்றவர்கள் வேலையாக இருக்கும் மத்தியான நேரம் பார்த்து, அவள் டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். 'சபீதா, இப்போ ஒரு பெரிய வண்டிக்கு அடியில படுத்திருக்கேன். எண்ணெய் இறங்குது. ரோஸ்மில்க் மாதிரி செவப்பா இருக்கு.' பின்னணியில் இரும்பு இரும்பில் மோதும் சத்தம், யாரோ அரபியில் கூப்பிடும் சத்தம். ஹம்னா நடக்கப் பழகிய பிறகு, வாப்பா எங்கே என்று கேட்டால் டேப் ரிக்கார்டரைக் காட்டுவாள்.

ஊற்றும் வாயின் போல்ட் அசையவே இல்லை. ஹசன் அலிக்கு வலது தோள் பழையபடி இல்லை. இரண்டு முறை பலம் கொடுத்துப் பார்த்துவிட்டு, வலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். சபீதா யோசிக்கவில்லை. நைட்டிக்கு மேல் அவருடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு சாக்கை விரித்து அவளும் காருக்கு அடியில் போய்ப் படுத்தாள்.

"ஏளா, ஒனக்கு முழங்கால் வலி."

"படுக்கதுக்கு முழங்கால் எதுக்கு? கம்பிய எங்கன பிடிக்கணும், சொல்லுங்க."

ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாயைச் சொருகி நான்கு கைகளும் சேர்ந்து இழுத்தன. மூன்றாம் இழுப்பில் டக்கென்று ஒரு சத்தம். போல்ட் சுற்றியது. அதன்பிறகு கீழே உள்ளதைக் கழற்ற அதிக நேரம் ஆகவில்லை. எண்ணெய் வாளியில் விழுந்தது. ரோஸ்மில்க் இல்லை, கருப்பட்டிக் காப்பி. லேசாகத் தீய்ந்த வாடை. அவர் இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். போல்ட்டின் நுனியில் இருந்த காந்தத்தைத் துடைத்துப் பார்த்தார். மை மாதிரிதான் இருந்தது, இரும்புத் துணுக்கு எதுவும் இல்லை. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, எண்ணெய்தான் செத்துப்போய்விட்டது என்றார்.

கடைசிச் சொட்டு வடியும் வரை காத்திருக்க வேண்டும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஹசன் அலி காரின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தக் கேசட்ல சொன்னது எல்லாம் பொய், சபீதா. மொத நாலு வருசம் நான் மெக்கானிக் இல்ல. ஒரு பெரிய கட்டடத்துல வண்டி கழுவிக்கிட்டு இருந்தேன். மேலப்பாளையத்துக்காரர் காஜா முகைதீன்னு ஒரு அண்ணன். அவர் பட்டறையில போயி உக்காந்துதான் கேசட்டு பேசுவேன். வேல செய்தது அவரு. சொன்னது நானு. பொறவு அவருதான் வேலையும் கத்துத் தந்தாரு."

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

அவர் தலையைத் திருப்பினார்.

"மொத லீவுல வந்தியள்லா. உள்ளங்கை வெளுத்து, ஊறி, தோலுரிஞ்சு கெடந்துச்சு. எண்ணெயில வேல செய்யுதவங்க கையா அது? சோப்புத் தண்ணியில கெடந்த கைன்னு எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன் கேக்கல?"

"கேட்டா, கேசட்டு அனுப்புதத நிறுத்திருவியன்னு பயம்."

அவர் எண்ணெய்ப் பிசுக்குள்ள கையை அவள் கைமேல் வைத்தார். அந்தக் கேசட் எல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்து வீட்டில் இடுப்புக்குமேல் ஆறு நின்றபோது அவை பெட்டியோடு நனைந்துபோனதை அவள் அப்போதுதான் சொன்னாள். நாடாவை எல்லாம் வெயிலில் காயவைத்துப் பார்த்ததையும், ஒன்றுகூடப் பாடவில்லை என்பதையும் சொன்னாள். இத்தனை நாள் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

பிறகு வேலையை முடித்தார்கள். புது வாஷர் வைத்துக் கீழ்ப் போல்ட்டை முடுக்கினார். இறங்கிய பழைய எண்ணெய் மூன்றரை லிட்டர் இருந்தது. அதே அளவு புதிய சிவப்பு எண்ணெயைப் புனலும் குழாயும் வைத்து ஊற்றினார். சபீதா பிரேக்கை மிதித்தபடி வண்டியைக் கிளப்பி, கியரைப் பைய ஒவ்வொரு இடமாக நகர்த்தினாள். ஸ்டாண்டை எடுத்ததும் இருவரும் சுத்தமல்லி வரை போனார்கள். ஹசன் அலி கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்தார். முதல் மாற்றம், இரண்டாவது, மூன்றாவது. உதறல் இருந்தது. ஆனால் கால்வாசிதான்.

பாதிக்கு மேல் பழைய எண்ணெய் இன்னும் உள்ளேயே இருக்கிறது, ஒரே தடவையில் எல்லாம் வராது என்று அவர் விளக்கினார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் மாற்றினார்கள். அதோடு குலுக்கல் நின்றது. அந்தக் காரில்தான் ஹம்னா பேறுகாலத்துக்கு வந்தாள்.

ஆனால் அந்த முதல் ஞாயிறு சுத்தமல்லியோடு முடியவில்லை. திரும்பும்போது ஹசன் அலி, காஜா முகைதீன் போன வருடம் மௌத்தாகிவிட்டார் என்றார். மையத்தை அடக்கம் செய்யக்கூடத் தான் போகவில்லை என்றும், அந்த வீட்டில் எல்லாருக்கும் தன் கதை தெரியும், பேச்சு சபீதாவின் காதுக்கு வந்துவிடுமோ என்று ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தெருப் பக்கமே போகவில்லை என்றும் சொன்னார். சபீதா வீட்டுக்குத் திரும்பும் தெருவில் திரும்பாமல் நேரே மேலப்பாளையத்துக்கு ஓட்டினாள்.

கதவைத் திறந்தது காஜா முகைதீனின் மனைவி ஹமீது பீவி. ஹசன் அலியைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"மதினி, வர்றதுக்கு நாளாயிட்டு," என்றார் அவர்.

"நாளா? வருசமுல்லா ஆச்சு," என்றாள் ஹமீது பீவி. பிறகு சபீதாவின் கையைப் பிடித்து, அழுக்குச் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே கூட்டிப் போனாள்.

மூவரும் சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். காஜா முகைதீன் சார்ஜாவில் எடுத்துக்கொண்ட ஒரு போட்டோவை ஹமீது பீவி அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினாள். பட்டறை வாசலில் இரண்டு பேர். ஒருவர் கையில் ஸ்பேனர். இன்னொருவர் ஒல்லியாக, ஈர வாளியும் துணியுமாக, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். சபீதா அந்தச் சிரிப்பை வெகுநேரம் பார்த்தாள். அதைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.